பதின்மூன்று வயதில் காணாமல் போனவர்கள்

2024 டிசம்பரில் மெல்போர்னில் என் தங்கை வீட்டில் தங்கியிருந்தேன். அவள் மகளுக்கு 15 வயது. ஒரு மாலை அவளும் அவளுடைய மூன்று தோழிகளும் வரவேற்பறைத் தரையில் ஒரு தாளை விரித்து வைத்துக்கொண்டு உரக்கச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். தாளில் எண்கள், எண்களுக்கு எதிரே பெண்களின் பெயர்கள். ஒருத்தி எழுதுவாள், இன்னொருத்தி அடிப்பாள். சமையலறையில் இருந்தபடி கேட்டேன். ஒரு பெண்ணின் உயரத்தைப் பற்றிப் பேசினார்கள். ஒருத்தியின் முழங்காலைப் பற்றி, ஒருத்தி இருபது மீட்டரை எத்தனை விநாடியில் ஓடுகிறாள் என்பதைப் பற்றி, ஒருத்தி ஊரை விட்டு வருவாளா மாட்டாளா என்பதைப் பற்றி.

ஒரு பெண்ணின் உயரத்தையும் உடல்வாகையும் ஊரையும் இப்படி வரிசையாக அடுக்கிப் பேசுவதை நான் அதுவரை ஒரே ஒரு சந்தர்ப்பத்தில்தான் கேட்டிருக்கிறேன்: பெண் பார்க்கப் போய்விட்டுத் திரும்பும் காரில். அதனால் முதலில் எனக்கு எரிச்சல்தான் வந்தது. "என்னடி இது, யாரை இப்படிக் கூறு போடறீங்க?" என்றேன்.

"பெரியம்மா, நாளன்னிக்கு டிராஃப்ட். காலிங்வுட் யாரை முதல்ல எடுக்கணும்னு பேசிட்டிருக்கோம். நீங்களும் வாங்க."

போய் உட்கார்ந்தேன். அன்று தொடங்கிய கேள்விகள்தான் இந்தக் கட்டுரை. ஒரு நாட்டின் விளையாட்டு ரசிகர்கள் பதினெட்டு வயதுப் பிள்ளைகளைப் பற்றி வாதிடுகிறார்கள். அந்தப் பிள்ளைகளில் பெண்கள் எப்போது சேர்ந்தார்கள்? அதற்கு முன் அவர்கள் எங்கே இருந்தார்கள்?

முதலில் ஆட்டத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரேலியர்கள் 'ஃபூட்டி' என்று செல்லமாக அழைக்கும் ஆஸ்திரேலிய விதிக் கால்பந்து, நாம் அறிந்த கால்பந்து அல்ல. நீள்வட்ட மைதானம், நீள்வட்டப் பந்து, இரு முனையிலும் நான்கு நான்கு கம்பங்கள். பந்தைக் காலால் உதைக்கலாம், முஷ்டியால் தட்டிக் கொடுக்கலாம், எதிராளியின் தோளுக்கு மேல் எம்பிப் பிடிக்கலாம். 1859இல் மெல்போர்னில் இதன் விதிகள் எழுதப்பட்டன. 1897இல் விக்டோரியக் கால்பந்து லீக்கின் முதல் போட்டித் தொடர் நடந்தது. 1990இல் அந்த லீக் ஏ.எஃப்.எல். என்று பெயர் மாறி நாடு தழுவியதாயிற்று.

டிராஃப்ட் என்பதை நாம் ஐ.பி.எல். ஏலத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. ஏலத்தில் பணம் அதிகம் வைப்பவருக்கு ஆட்டக்காரர் கிடைப்பார். டிராஃப்ட்டில் விலை கூறுவதே இல்லை. அந்த ஆண்டு பட்டியலில் கடைசியாக வந்த அணி முதலில் ஒரு பெயரைச் சொல்லும். அடுத்தது கடைசிக்கு முந்தைய அணி. இப்படியே மேலே போகும். பணக்கார அணிகளே எல்லாத் திறமையையும் அள்ளிக்கொண்டு போவதைத் தடுக்க அமெரிக்கர்கள் கண்ட முறை அது. ஆஸ்திரேலியாவில் முதல் டிராஃப்ட் 1986இல் நடந்தது. பிள்ளைக்குத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லை. பெர்த்தில் வளர்ந்தவனை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சிட்னி அணி கூப்பிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

அணியின் அடுத்த பத்து வருடம் ஒரு பெயரில் தொங்குகிறது என்று நம்பும் ரசிகர்கள் வாதிடாமல் இருப்பார்களா? டிராஃப்ட்டுக்கு மாதங்கள் முன்பே தொடங்கிவிடும். வேலையிடத்தில், ரயிலில், மதுக்கடையில், சாப்பாட்டு மேசையில். இன்றைக்கும் தீராத வழக்கு ஒன்று உண்டு, 2001ஆம் ஆண்டுடையது. அந்த வருடம் ஹாதார்ன் அணி முதலாவதாக லூக் ஹாட்ஜை எடுத்தது. செயின்ட் கில்டா இரண்டாவதாக லூக் பாலை எடுத்தது. தோள்பட்டைக் காயங்களைப் பற்றிய அச்சம் சூழ்ந்திருந்த கிறிஸ் ஜட், மூன்றாவதாக வெஸ்ட் கோஸ்ட் அணிக்குப் போனார். ஜட் லீக்கின் மிக உயர்ந்த தனிநபர் விருதான பிரௌன்லோ பதக்கத்தை 2004, 2010 என இரண்டு முறை வென்றார். ஹாட்ஜ் நான்கு முறை கோப்பை வென்ற அணியில் ஆடினார். யார் சரி? இருபது வருடம் கழித்தும் ஒரு மேசையில் இரண்டு பேர் உட்கார்ந்தால் இதைப் பேச முடியும். 1990 டிராஃப்ட்டில் 79ஆவதாகத்தான் ஜேம்ஸ் ஹர்ட் என்ற பையனை எஸ்ஸெண்டன் எடுத்தது. ஆறு வருடத்தில் அவரும் பிரௌன்லோ பதக்கத்தைப் பகிர்ந்துகொண்டார். "79ஐ மறந்துவிடாதே" என்று எந்த வாதத்திலும் ஒருவர் சொல்லலாம்.

இந்த வாதங்களுக்கெல்லாம் அடியில் ஒன்று இருக்கிறது: பதிவேடு. அந்தப் பையன் 12 வயதில் எந்தக் குழுவில் ஆடினான், 16 வயதில் மாநில அணிக்குத் தேர்வானானா, எத்தனை முறை பந்தைத் தொட்டான், எந்தக் காலால் உதைக்கிறான். யாரோ ஒருவர் மழையில் நின்று அவனைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். எழுதி வைக்கப்பட்டவனைப் பற்றித்தான் வாதிட முடியும்.

இப்போது பெண்களிடம் வருவோம். ஃபூட்டி மைதானத்தில் பெண்கள் புதியவர்கள் அல்லர். 19ஆம் நூற்றாண்டிலேயே கூட்டத்தில் பெண்கள் பெருமளவில் இருந்ததை அக்காலச் செய்தித்தாள்கள் குறிப்பிட்டிருக்கின்றன. பாட்டி, அம்மா, மகள் என்று தலைமுறை தலைமுறையாக ஒரே அணிக்குக் கத்திய குடும்பங்கள் ஏராளம். மற்றவர்களின் மகன்களைப் பற்றி அவர்கள் ஆண்களுக்குச் சமமாக வாதிட்டார்கள். தங்கள் மகள்களைப் பற்றி வாதிட அவர்களிடம் எதுவும் இல்லை. லீக்கை ஆளும் ஆணையத்திலும் அப்படித்தான். அதில் முதல் பெண்ணாக சாம் மோஸ்டின் இடம்பெற்றது 2005இல். (அவரே 2024இல் நாட்டின் கவர்னர் ஜெனரல் ஆனார்.)

பெண்கள் ஆடாமலும் இல்லை. முதல் உலகப் போர்க் காலத்தில், 1915இல், பெர்த் நகரின் ஃபாய் அண்ட் கிப்சன் என்ற பெரிய துணிக்கடையில் வேலை செய்த பெண்கள் அணி சேர்ந்து ஆடினார்கள். ஆண்கள் போருக்குப் போயிருந்த நேரம். போர் முடிந்தது, ஆண்கள் திரும்பினார்கள். தொழிற்சாலை இயந்திரத்தைப் போலவே மைதானமும் திருப்பிக் கொடுக்கப்பட்டது. அதன் பிறகு நிதி திரட்டும் வேடிக்கை ஆட்டமாக அங்கொன்றும் இங்கொன்றுமாக நடந்தது. 1981இல்தான் விக்டோரிய மகளிர் கால்பந்து லீக் தொடங்கியது. அதில் ஆடியவர்கள் தங்கள் பணத்தில், தங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடினார்கள். டெபி லீ அவர்களில் ஒருவர். முந்நூறு ஆட்டங்களுக்கு மேல் ஆடியவர். லீக்கின் தலைவராகவும் இருந்தவர். 2021இல் ஆஸ்திரேலியக் கால்பந்தின் புகழ்மன்றம் அவரைச் சேர்த்துக்கொண்டது. அந்த கௌரவத்தைப் பெற்ற முதல் பெண் ஆட்டக்காரர் அவர்தான். ஆனால் அவர் ஆடிய காலம் முழுக்க எந்தப் பெரிய அணியின் தேர்வாளரும் அவர் பெயரை ஒரு தாளில் எழுதியிருக்க வாய்ப்பில்லை. எழுதினாலும் அதைக் கொண்டுபோய்க் கொடுக்க இடமில்லை.

இடைவெளி எங்கே விழுந்தது என்பதை ஒரு வழக்கு காட்டுகிறது. விக்டோரியாவில் சிறுமிகள் சிறுவர்களோடு சேர்ந்து ஆடலாம், ஆனால் ஏறக்குறைய 12 வயது வரைதான். அதன் பிறகு அவர்களுக்கென்று தனி அணியும் கிடையாது, கலப்பு அணியும் கிடையாது. மூன்று சிறுமிகள் இதை எதிர்த்து மாநிலத் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். 2004இல் தீர்ப்பு வந்தது. மூவரில் இளையவளுக்கு அனுமதி, மற்ற இருவருக்கும் இல்லை. அந்த வயதில் உடல் வலிமையின் வேறுபாடு கணக்கில் கொள்ளத்தக்கது என்பது காரணம். பாதி வெற்றி, பாதி தோல்வி. ஆனால் வழக்கு எழுப்பிய சத்தம் வீண் போகவில்லை. அதே ஆண்டில் விக்டோரியாவில் பதின்பருவப் பெண்களுக்கென்று தனிப் போட்டி தொடங்கியது. அனுமதி மறுக்கப்பட்டவர்களில் ஒருவரான பென்னி குலா-ரீட், பின்னாளில் காலிங்வுட்டின் மகளிர் அணியில் ஆடினார்.

அந்தப் 12 வயதை வாசித்தபோது நான் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்தேன். நான் ஏழாம் வகுப்பு வரை ஓட்டப் பந்தயத்தில் ஓடியவள். எட்டாம் வகுப்பில் வயதுக்கு வந்தேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை. ஓடச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை, அவ்வளவுதான். என்னை நீக்குவதற்கு ஒரு விதிகூடத் தேவைப்படவில்லை என்பதால் எதிர்த்து வழக்குப் போடவும் எதுவும் இல்லை.

எரின் ஃபிலிப்ஸ் கதையை இங்கே சொல்ல வேண்டும். அப்பா கிரெக் ஃபிலிப்ஸ், போர்ட் அடிலெய்ட் அணியின் புகழ்பெற்ற ஆட்டக்காரர். மகள் சிறுவர்களோடு ஆடி வளர்ந்தாள். 13 வயதில் கதவு மூடிக்கொண்டது. அவள் கூடைப்பந்துக்குப் போனாள். அமெரிக்காவின் தொழில்முறை லீக்கில் ஆடினாள், 2008 ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம் வென்ற ஆஸ்திரேலிய அணியில் இருந்தாள். 2017இல், 31 வயதில், மகளிர் ஃபூட்டி லீக் பிறந்தபோது திரும்பி வந்து முதல் தொடரிலேயே சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெற்றார். விருது அறிவிக்கப்பட்டதும் தன் மனைவியை முத்தமிட்டுவிட்டு மேடையேறினார். இதை வெற்றிக் கதையாகச் சொல்வது வழக்கம். நான் அதைக் கழித்தல் கணக்காகவும் வாசிக்கிறேன். 13க்கும் 31க்கும் நடுவே பதினெட்டு வருடம். ஒரு பையனாக இருந்திருந்தால் அந்தப் பதினெட்டு வருடமும் வாதமாகவே ஓடியிருக்கும்: எந்த அணி எடுக்கும், எத்தனையாவதாக எடுக்கும், அப்பா அளவுக்கு வருமா. வேறொரு விளையாட்டில் உலகத் தரத்தை எட்டியதால் எரினுக்குத் திரும்பி வர ஒரு வழி இருந்தது. 13 வயதில் பந்தைக் கீழே வைத்துவிட்டு வேறு எதிலும் சிறக்காமல் போன பெண்களைப் பற்றி நமக்கு எதுவும் தெரியாது. எழுதி வைக்கப்படாதவர்கள் அவர்கள்.

மாற்றம் 2013இல் தொடங்குகிறது. அந்த மே மாதம் முதன்முதலாகப் பெண்களுக்கு ஒரு டிராஃப்ட் நடந்தது. லீக் எதுவும் இன்னும் இல்லை. மெல்போர்ன், வெஸ்டர்ன் புல்டாக்ஸ் என்ற இரண்டு அணிகள் ஒரே ஒரு காட்சி ஆட்டத்துக்காகப் பெண்களைத் தேர்ந்தெடுத்தன. மெல்போர்ன் முதலில் சொன்ன பெயர் டெய்சி பியர்ஸ். பிரசவ வார்டில் செவிலியாகப் பணி செய்தவர். ஒரு ஆட்டத்துக்கு ஒரு டிராஃப்ட் என்பது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் அன்றுதான் பெண்களின் பெயர்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று பொதுவெளியில் வரிசையாக வாசிக்கப்பட்டன. ஏன் அவள் முதலில், ஏன் இவள் ஐந்தாவது என்று கேட்க முடிந்தது.

2016இல் எட்டு அணிகளோடு ஏ.எஃப்.எல்.டபிள்யூ. என்ற மகளிர் லீக் அறிவிக்கப்பட்டது. அக்டோபர் 12 அன்று நடந்த முதல் டிராஃப்ட்டில் சிட்னியைச் சேர்ந்த நிக்கோலா பார் முதலாவதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அணிகளுக்கு ஒரு சிக்கல் இருந்தது. பதிவேடு மெலிந்திருந்தது. அதனால் கூடைப்பந்து, நெட்பால், தடகளம் ஆடிய பெண்களையும் கூப்பிட்டு ஃபூட்டி கற்றுக்கொடுத்தார்கள். நூறு வருடம் எழுதாமல் விட்டதை ஆறு மாதத்தில் எழுத முயன்றார்கள் என்று சொல்லலாம்.

2017 பிப்ரவரி 3ஆம் தேதி மெல்போர்னின் பிரின்சஸ் பார்க்கில் முதல் ஆட்டம். கார்ல்டனும் காலிங்வுட்டும். 24,568 பேர் உள்ளே போனதும் கதவை மூடிவிட்டார்கள். வெளியே நின்ற ஆயிரக்கணக்கானவர்களிடம் லீக்கின் தலைமை நிர்வாகியே வந்து மன்னிப்புக் கேட்டார். பெண்கள் ஆட்டத்தை யார் பார்ப்பார்கள் என்ற நெடுங்காலக் கேள்விக்குப் பதில் வேலிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தது.

ஆனால் ஊதியம்? முதல் தொடரில் நட்சத்திர ஆட்டக்காரர்களுக்கு 27,000 டாலர். அடித்தட்டில் இருப்பவர்களுக்கு முதலில் முன்வைக்கப்பட்ட தொகை 5,000 டாலர். பேச்சுவார்த்தைக்குப் பிறகு 8,500 ஆயிற்று. இந்தத் தொகைதான் டிராஃப்ட்டின் வடிவத்தையும் தீர்மானித்தது. ஆண் பிள்ளையைப் போல ஒரு பெண்ணை நாட்டின் மறுகோடிக்குப் போ என்று சொல்ல முடியாது. 8,500 டாலருக்காக யார் வேலையையும் படிப்பையும் வாடகை வீட்டையும் விட்டுவிட்டு இன்னொரு மாநிலம் போவார்கள்? ஆகவே பெண்கள் தாங்கள் ஆட விரும்பும் மாநிலத்தைச் சொல்லலாம், அந்த மாநில அணிகள் மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்தார்கள். விட்டுக்கொடுத்தது போலத் தோன்றும் இந்த விதிக்குள் குறைந்த கூலி ஒளிந்திருந்தது. 2023இல்தான் ஆண்களையும் பெண்களையும் ஒரே ஊதிய உடன்படிக்கையின் கீழ் முதன்முதலாகக் கொண்டுவந்தார்கள். 2024இல் மகளிர் டிராஃப்ட் முழுமையாக நாடு தழுவியதாயிற்று. என் தங்கை மகளும் தோழிகளும் தரையில் உட்கார்ந்து மேற்கு ஆஸ்திரேலியாவின் ஒரு பெண் மெல்போர்ன் வருவாளா என்று சண்டை போட்டது அதனால்தான். அதற்கு முந்தைய ஆண்டுகளில் அந்தச் சண்டைக்கு இத்தனை இடமிருந்ததில்லை.

இன்னொரு விதி என்னை அதிகம் யோசிக்க வைத்தது. அணியில் ஆடியவரின் மகனை அதே அணி முன்னுரிமையோடு எடுத்துக்கொள்ளும் 'தந்தை-மகன் விதி' 1949 முதலே ஆண்கள் ஆட்டத்தில் இருக்கிறது. மகளிர் லீக் வந்ததும் அது 'தந்தை-மகள் விதி' ஆயிற்று. 2018இல் ஆபி மெக்கே அந்த விதியின்படி தன் அப்பா ஆண்ட்ரூ மெக்கே ஆடிய கார்ல்டனுக்கே போனார். அன்பான காட்சிதான். ஆனால் அப்பாவின் பெயரின் முதல் எழுத்தைத் தலையில் சுமந்துகொண்டே பள்ளிக்குப் போன நமக்கு இதில் ஓர் உறுத்தல் இருக்கிறது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் சேற்றில் ஆடிய தாய்மார்களின் ஆட்டங்கள் எந்த ஏ.எஃப்.எல். அணியின் கணக்கிலும் இல்லை. ஆகவே அன்றைய மகள் ஆட்டத்துக்குள் அப்பாவின் வாரிசாகத்தான் வர முடிந்தது. அம்மாவிடம் கொடுப்பதற்குத் திறமை இருந்தது, கணக்கு இல்லை.

வாதம் கிடைத்துவிட்டது, எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கு ஆசைதான். ஆனால் ரசிகரின் பேச்சு இருமுனைக் கத்தி. 2019இல் டெய்லா ஹாரிஸ் பந்தை உதைத்தபடி காற்றில் நிற்கும் ஒரு புகைப்படம் வெளியானது. மைக்கேல் வில்சன் எடுத்தது. ஓர் ஆட்டக்காரரின் உடல் அதன் முழு வலிமையில் விரிந்திருந்த படம். அதன் கீழே வந்து குவிந்த ஆபாசத்தைத் தாங்க முடியாமல் தொலைக்காட்சி நிறுவனம் படத்தையே நீக்கியது. எழுதியவர்களை விட்டுவிட்டு எழுதப்பட்டவளை அப்புறப்படுத்தினார்கள். எதிர்ப்பு வலுத்ததும் படத்தைத் திரும்பப் போட்டு மன்னிப்புக் கேட்டார்கள். ஹாரிஸ் அந்தச் சொற்களைப் பாலியல் வன்முறை என்றே பெயரிட்டுப் பேசினார். அதே ஆண்டு அந்த உதையை வெண்கலச் சிலையாக்கி மெல்போர்னின் ஃபெடரேஷன் சதுக்கத்தில் வைத்தார்கள்.

இந்த இடத்தில்தான் பெண் பார்க்கும் கார் எனக்கு மறுபடி நினைவுக்கு வந்தது. உடலைப் பற்றிப் பேசும் இரண்டு விதங்களுக்கு நடுவே என்ன வேறுபாடு? என் தங்கை மகள் முழங்காலைப் பற்றிப் பேசுகிறாள் என்றால் அதற்குக் காரணம் உண்டு. முழங்காலின் முன் தசைநார் கிழிவது பெண் ஆட்டக்காரர்களிடம் ஆண்களைவிட மிக அதிகம். 2018 டிராஃப்ட்டில் முதலாவதாக ஜீலாங் எடுத்த நினா மாரிசன், ஒரே ஒரு ஆட்டம் ஆடிவிட்டுப் பயிற்சியில் அந்தத் தசைநாரைக் கிழித்துக்கொண்டார். 2017இல் முதலாவதாக எடுக்கப்பட்ட இசபெல் ஹன்டிங்டன் முதல் தொடரிலேயே முழங்கால் காயத்தில் வீழ்ந்தார். மீண்டு வந்து 2020இல் சிறந்த இளம் ஆட்டக்காரர் விருதைப் பெற்றார். இந்த முழங்காலைப் பற்றிப் பேசுவது அந்தப் பெண் என்ன செய்யப் போகிறாள் என்று பேசுவது. காரில் நடந்த பேச்சு அவளை வைத்து நாம் என்ன செய்யலாம் என்பது. டிராஃப்ட் வாதத்தில் இரண்டாவது பேச்சு எப்போது வேண்டுமானாலும் நுழையலாம். அளவுகோலும் ஓட்டக் கடிகாரமும் அதற்கும் உதவும். ஆண் பிள்ளைகளைக்கூட ரசிகர்கள் சந்தைப் பொருளாகப் பேசுவதுண்டு. ஆகவே வாதத்தில் இடம் பெற்றது மட்டும் போதாது, அதை யார் நடத்துகிறார்கள் என்பதையும் கேட்க வேண்டும். அந்தத் தரையில் உட்கார்ந்து நடத்திய நான்கு பேரும் வாரம் இரண்டு நாள் பயிற்சிக்குப் போகிறவர்கள். முழங்கால் என்றால் என்ன என்று அவர்களுக்குத் தெரியும்.

டிசம்பர் 16ஆம் தேதி காலிங்வுட் முதல் பெயராக கிப்ஸ்லாண்டைச் சேர்ந்த ஆஷ் சென்ட்ராவைச் சொன்னது. அந்த ஆண்டு ஒரே ஒரு ஆட்டம் வென்று பட்டியலின் அடியில் கிடந்த அணி. வீட்டில் இரண்டு பேர் குதித்தார்கள், ஒருத்தி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். என் தங்கை மகளின் கணிப்பில் முதலாவது சரி, மற்றவை பாதிக்கு மேல் தவறு. அதற்காக அவள் கொஞ்சமும் வருத்தப்படவில்லை. "79ஐ மறந்துடாதீங்க பெரியம்மா" என்றாள்.

இரவு தாளை எடுத்து மடித்து வைக்கப் போனபோது அதன் பின்பக்கத்தைப் பார்த்தேன். 2027 என்று தலைப்பிட்டு மூன்று பெயர்கள் எழுதியிருந்தார்கள். அவர்களுக்கு 18 வயதாகும் வருடம் அது. முதல் பெயர் அன்று எங்கள் வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த பெண்ணுடையது. பெயருக்குப் பக்கத்தில் வேறு வேறு கையெழுத்தில் மூன்று குறிப்புகள்: இடது கால் நல்ல உதை. உயரம் போதாது என்பார்கள், கேட்காதே. முழங்காலைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லணும்.